ஊரே பார்க்கும் ரகசியம்!

யாருக்குச் சரக்கு போகிறது என்பது இணையத்தில் கிடைக்கிறது. நூல் விலை பேப்பரில் வருகிறது. அப்படியானால் கம்பெனிகள் 'தொழில் ரகசியம்' என்று பூட்டி வைத்திருப்பது எதை? அந்தப் பூட்டு யார் கையில் விலங்காக விழுகிறது?

1969 மார்ச் 19. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பியூமான்ட் என்ற ஊர். டூ பான்ட் கம்பெனி அங்கே மெத்தனால் தயாரிக்கப் புது ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. கூரை இன்னும் போடவில்லை. ஆலைக்கு மேலே ஒரு விமானம் வந்தது. வந்த விமானம் போகாமல் அங்கேயே வட்டமடித்ததுதான் கீழே இருந்தவர்களை உறுத்தியது.

அன்றைக்கே விசாரித்துப் பிடித்துவிட்டார்கள். விமானத்தில் இருந்தவர்கள் இரண்டு புகைப்படக்காரர்கள். மொத்தம் 16 படங்கள். யாருக்காக எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, பெயரைச் சொல்ல வேண்டாம் என்று வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள். டூ பான்ட் நீதிமன்றத்துக்குப் போனது. காப்புரிமை வாங்காமல் ரகசியமாக வைத்திருக்கும் தங்கள் தயாரிப்பு முறையை, மேலிருந்து குழாய்களின் அமைப்பைப் பார்த்தே ஒரு நிபுணர் கண்டுபிடித்துவிடலாம் என்பது அதன் வாதம்.

புகைப்படக்காரர்களின் பதிலும் லேசானதல்ல. வானம் பொதுவானது. விமான விதி எதையும் நாங்கள் மீறவில்லை. வேலி தாண்டவில்லை, யாரிடமும் ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போடவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைப் படம் எடுத்தோம், அவ்வளவுதான்.

மறு ஆண்டு வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பு டூ பான்ட் பக்கம் நின்றது. ஆலை முடியும்வரை அதன் தலைக்கு மேல் தற்காலிகக் கூரை போட்டு மறைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நியாயமான அளவுக்குக் காவல் வைத்தால் போதும், வானத்திலிருந்து எட்டிப் பார்ப்பது முறைகேடான வழி என்றது நீதிமன்றம்.

இன்றைக்குச் செயற்கைக்கோள் படத்தில் நம் வீட்டு மொட்டைமாடியைக் கூடப் பார்த்துவிடலாம். அந்தத் தீர்ப்பை இப்போது எழுதச் சொன்னால் நீதிபதிகள் அதே வேகத்தில் எழுதுவார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் அவர்கள் கிளப்பிவிட்ட கேள்வி உயிரோடு இருக்கிறது. எல்லோர் கண்ணுக்கும் எட்டுகிற ஒன்று ரகசியமாக இருக்க முடியுமா?

'தெரியும்' என்றால் யாருக்குத் தெரியும்?

1995இல் உலக வர்த்தக அமைப்போடு நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் ஒப்பந்தம் இதற்கு ஒரு வரையறை வைத்திருக்கிறது. அதன் 39ஆவது பிரிவின்படி, ஒரு தகவல் ரகசியமாக இருக்கவேண்டும், ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்கவேண்டும், அதைக் காக்க உரிமையாளர் நியாயமான ஏற்பாடு செய்திருக்கவேண்டும். இந்தியாவும் இதில் கையெழுத்திட்ட நாடு.

இதில் இரண்டு இடங்களைக் கூர்ந்து பார்க்கவேண்டும். முதலாவது, யாருக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்பது. தெருவில் போகிறவருக்குத் தெரியாமல் இருந்தால் போதாது. அந்தத் தொழிலிலேயே புழங்குகிறவர்களுக்குப் பொதுவாகத் தெரிந்திருக்கக் கூடாது, சுலபமாகக் கிடைக்கவும் கூடாது. சாயப்பட்டறைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த உப்பு அளவை ஒரு பட்டறை மட்டும் ரகசியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டாவது இடம் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. தகவலின் ஒவ்வொரு துண்டும் தெரிந்ததாகவே இருக்கலாம். அந்தத் துண்டுகளைக் கோத்த விதம் தெரியாததாக இருந்தால் அந்தக் கோவை ரகசியம்தான்.

தேங்காய், புளி, மிளகாய் எல்லாம் சந்தையில் கிடைக்கிறது. அதற்காக எல்லாக் குழம்பும் ஒன்றாகிவிடுமா?

பெட்டிச் செய்தி 1: திறந்து பார்த்தால் திருட்டா?

● விலை கொடுத்து வாங்கிய பொருளைக் கழற்றிப் பார்த்து அதன் நுட்பத்தைக் கண்டுபிடிப்பது பொதுவாகத் தவறல்ல. நாணயம் சரிபார்க்கும் இயந்திரம் குறித்த மார்ஸ் வழக்கில் (1999) இங்கிலாந்து நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. உள்ளே இருந்த தகவலைக் குறியாக்கம் செய்து வைத்திருந்ததால் மட்டும் அது ரகசியத் தகவல் ஆகிவிடாது என்றும் சொன்னது.

● காப்புரிமை என்பது நுட்பத்தை ஊருக்குச் சொல்லி 20 ஆண்டு பாதுகாப்பு வாங்குவது. ரகசியத்துக்குக் காலவரம்பு இல்லை. வெளியே வந்துவிட்டால் பாதுகாப்பும் இல்லை.

● 1977இல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. பங்கைக் குறைத்துக்கொள், தயாரிப்பு நுட்பத்தைப் பகிர்ந்துகொள் என்ற அரசின் நிபந்தனைகளை அது ஏற்கவில்லை. திரும்பி வந்தது 1993இல்.

4.3 கோடி விலைகள்

பொதுவெளித் தகவல், ரகசியம் என்ற இரண்டும் நேருக்கு நேர் மோதிய வழக்கு ஒன்று அமெரிக்காவில் அண்மையில்தான் முடிந்தது. கம்ப்யூலைஃப் என்பது ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களின் பிரீமியக் கட்டணங்களைத் திரட்டி, ஒப்பிட்டுக் காட்டும் தரவுத்தளம் வைத்திருக்கிறது. அதன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் வயதையும் ஊரையும் போட்டு எந்தப் பாலிசிக்கு எவ்வளவு என்று காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

போட்டியாளர்கள் ஒரு ஹேக்கரை அமர்த்தினார்கள். அவர் ஏவிவிட்ட நிரல், நியூயார்க்கில் ஒரு அஞ்சல் குறியீடு, ஃபுளோரிடாவில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு, அந்த இரண்டுக்கும் சாத்தியமான அத்தனை வயது, பாலினம், உடல்நிலைச் சேர்க்கைகளையும் போட்டுப் போட்டுக் கேட்டது. 4.3 கோடிக்கும் மேற்பட்ட விலைகள் அள்ளப்பட்டன. அள்ளிய சரக்கு போட்டியாளரின் தளத்தில் வந்து உட்கார்ந்தது.

முதலில் விசாரித்த நீதிமன்றம், விலைகள்தான் எல்லோருக்கும் காட்டப்படுகின்றனவே, இதில் என்ன ரகசியம் என்று கேட்டுவிட்டது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு மனிதர் உட்கார்ந்து கையால் கேட்டு எடுக்கக்கூடிய அளவு வேறு. இயந்திரத்தை வைத்துத் தரவுத்தளத்தின் பெரும்பகுதியையே உருவி எடுப்பது வேறு. ஒவ்வொரு விலையும் பொதுவில் இருப்பதால் அத்தனையையும் சேர்த்து எடுக்கும் உரிமை வந்துவிடாது என்றது. மறுவிசாரணையில் கம்ப்யூலைஃப் ஜெயித்தது. 2024இல் மேல்முறையீட்டிலும் அது நிலைத்தது.

கோவில் கிணற்றில் குடம் தண்ணீர் எடுக்கலாம். மோட்டார் போட்டு லாரியில் ஏற்றக் கூடாது என்பது மாதிரி ஒரு தீர்ப்பு. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. எத்தனை குடம் வரை குடம்? 10,000 விலை எடுத்தால் சரியா, 10 லட்சம் எடுத்தால் தப்பா? தீர்ப்பில் அதற்குக் கோடு கிடையாது. விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வாளரும் பத்திரிகையாளரும் கூட நிரல் எழுதித்தான் தரவு திரட்டுகிறார்கள். அவர்களும் இந்தக் கோட்டுக்காகக் காத்திருக்கிறார்கள்.

இங்கே பூட்டு, அங்கே திறப்பு

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. அமெரிக்காவில் இருக்கும் பையருக்கு ஒரு கன்டெய்னர் டி-ஷர்ட் அனுப்புகிறது. சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது. அந்தப் பையர் யார் என்பதை அக்கம்பக்கத்துக் கம்பெனிக்குத் தெரியாமல் காப்பது திருப்பூரில் எழுதாத தர்மம். சாம்பிள் அறைக்குள் வெளியாள் நுழைய முடியாது. லேபிள் ரோல் எண்ணி வைக்கப்படும்.

கன்டெய்னர் அமெரிக்கத் துறைமுகத்தைத் தொட்டதும் கதை மாறுகிறது. கடல்வழி வரும் சரக்கின் விவரப் பட்டியல் அங்கே சட்டப்படி பொதுத் தகவல். அனுப்பியவர் பெயர், பெறுபவர் பெயர், என்ன சரக்கு, எத்தனை பெட்டி, என்ன எடை எல்லாம் அதில் உண்டு. இதைத் திரட்டி விற்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. சந்தா கட்டினால் பக்கத்துக் கம்பெனியின் மூன்று வருட ஷிப்மென்ட் வரலாற்றைத் திருப்பூரில் உட்கார்ந்தபடியே படிக்கலாம்.

நம் அரசாங்கமோ எதிர்த்திசையில் நடந்தது. 2022 நிதிச் சட்டத்தின் வழியாகச் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற பிரிவு சேர்ந்தது. சுங்கத்துறையிடம் தாக்கல் செய்த ஏற்றுமதி, இறக்குமதி விவரங்களை அனுமதியில்லாமல் வெளியிட்டால் தண்டனை. ஒரே பெட்டி சரக்கு. தூத்துக்குடியில் அதன் மதிப்பை வெளியிட்டால் சிறைக்குப் போகலாம், அமெரிக்காவில் அதன் முதலாளி பெயரைச் சந்தாவுக்கு விற்கலாம்.

பெட்டிச் செய்தி 2: சுங்கத் தகவல், இரண்டு நாடு

● இந்தியா, சுங்கச் சட்டம் பிரிவு 135ஏஏ: சரக்கின் மதிப்பு, வகைப்பாடு, அளவு, ஏற்றுமதியாளர் அல்லது இறக்குமதியாளர் விவரம் ஆகியவற்றை அனுமதியின்றி வெளியிட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

● அமெரிக்கா: கப்பல் சரக்குப் பட்டியல் பொதுவானது. தன் பெயரையும் தனக்கு அனுப்புகிறவர் பெயரையும் மறைக்குமாறு இறக்குமதியாளர் விண்ணப்பிக்கலாம். அந்தப் பாதுகாப்பு 2 ஆண்டுகளுக்குத்தான்; பிறகு புதுப்பிக்கவேண்டும்.

இந்த இரண்டாவது விதி நம் ஏற்றுமதியாளர்கள் பலரின் கவனத்துக்கு வருவதில்லை. பையரிடம் விலை பேசும் மேசையிலேயே, "உங்கள் பெயரை மறைக்க விண்ணப்பம் போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்கலாம். கேட்காமல் இருந்துவிட்டு, பையர் பட்டியல் எங்கள் உயிர்நாடி, அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று ஊழியர்மேல் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "இந்தப் பெயர்கள் இணையத்தில் இருக்கின்றனவா, இல்லையா?"

காஸ்டிங் ஷீட்டில் எது ரகசியம்?

பையர் பெயர் ரகசியமில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது? ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசரின் காஸ்டிங் ஷீட்டை, அதாவது அடக்கவிலைக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். நூல் விலை: மில்கள் மாதாமாதம் அறிவிப்பது, பேப்பரில் வருவது. நிட்டிங் கூலி, டையிங் கூலி, காம்பாக்டிங் கூலி: தொழில் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த ரேட். பட்டன், ஜிப், பாலிபேக்: கடைக்குக் கடை கேட்டால் சொல்வார்கள். தையல் கூலி: ஒப்பந்தம் போட்டு ஊரறிய அறிவித்தது.

இந்தக் கம்பெனிக்கு மட்டும் தெரிந்தது வேறு. இன்ன ஜிஎஸ்எம் துணியில், இன்ன நிறத்தில் தனக்கு எத்தனை சதவீதம் வேஸ்டேஜ் போகிறது. எந்த டையிங்கில் கொடுத்தால் ஷேடு மாறித் திரும்பி வராமல் இருக்கும். இந்தப் பையர் ஒரு பீஸுக்கு எத்தனை சென்ட் வரை இறங்கி வருவார், எந்த இடத்தில் எழுந்து போய்விடுவார். பத்து வரிகளில் எட்டு வரி ஊருக்குத் தெரியும். மீதி இரண்டு வரி சேர்ந்து அடிவரியில் வரும் தொகை இருக்கிறதே, அது போட்டியாளர் கைக்குப் போனால் அடுத்த ஆர்டர் அவருடையது.

நீதிமன்றங்கள் இந்த வகை ரகசியத்தை நெடுங்காலமாகவே ஏற்று வந்திருக்கின்றன. தோல் துளைக்கும் கருவி தொடர்பான சால்ட்மன் வழக்கில் (1948) இங்கிலாந்து நீதிமன்றம், கருவி கடையில் விற்றாலும் அதைச் செய்ய வரைந்த வரைபடம் ரகசியமாகவே இருக்கலாம் என்றது. பொதுவில் கிடைப்பதை வைத்து இன்னொருவரும் மூளையைக் கசக்கி அதே இடத்துக்கு வந்துசேரலாம். ஆனால் அந்த உழைப்பைத் தாண்டிக் குதிக்க அடுத்தவர் வரைபடத்தைப் பயன்படுத்தக் கூடாது.

நம் நாட்டில் இதற்குச் சுவையான உதாரணம் மாட்டுத் தீவனம். கட்டடத்துக்குள்ளேயே பச்சைத் தீவனம் வளர்க்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த ஜான் ரிச்சர்ட் பிரேடி, வெப்பத் தடுப்புப் பலகைகள் செய்து தரச் சொல்லி ஓர் இந்திய நிறுவனத்திடம் வரைபடங்களைக் கொடுத்தார். ஆர்டர் போடவில்லை. சில நாளில் அந்த நிறுவனமே அதே மாதிரி இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. 1987இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. நம்பிக் கொடுத்த தகவலைப் பிறர் முந்தி ஓட ஊன்றுகோலாக்கக் கூடாது என்பதுதான் அடிப்படை.

விட்டுப் போகிறவர் தலையில் இருப்பது

இதுவரை கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடந்த சண்டை. இந்தியாவில் 'தொழில் ரகசியம்' என்ற சொல் அதிகம் பிரயோகமாவது வேறு இடத்தில்: வேலையை விட்டுப் போகிற ஊழியர்மேல்.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது. அதன் 27ஆவது பிரிவு, ஒருவரைத் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும் காலத்துக்குக் கட்டுப்பாடு போடலாம் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அது நூலிழைத் தயாரிப்பில் பயிற்சி பெற்றுப் பாதியில் போட்டி நிறுவனத்துக்குப் போனவரின் வழக்கு. வேலை முடிந்தபிறகும் வேறெங்கும் சேராதே என்ற கட்டு செல்லாது என்று 1980இல் சூப்பரின்டெண்டன்ஸ் கம்பெனி வழக்கில் வந்தது.

நேரடித் தடை செல்லாது என்றதும் சுற்றுவழி பிறந்தது. வேலைக்குப் போகாதே என்று சொல்ல முடியாது. ரகசியத்தை எடுத்துக்கொண்டு போகிறாய், அதனால் போகாதே என்று சொல்லலாமே? 2006இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி தன் ஊழியர் ஒருவர்மேல் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தச் சூட்சுமத்தைக் கண்டுகொண்டது. வாடிக்கையாளர் விவரம் தெரியும் என்பதைக் காரணம் காட்டி ஒருவர் நல்ல வேலை தேடிப் போகும் உரிமையைத் தடுக்க முடியாது என்று கைவிரித்தது.

2018இல் நேவிகேட்டர்ஸ் லாஜிஸ்டிக்ஸ் வழக்கு. சரக்குப் போக்குவரத்து நிறுவனம், விலகிய ஊழியர்கள் வாடிக்கையாளர் பட்டியலைக் கொண்டுபோய்விட்டதாகப் புகார் சொன்னது. பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அடங்கிய பட்டியலில் பதிப்புரிமை எங்கே இருக்கிறது, எந்தத் தகவல் ரகசியம் என்பதைக் குறிப்பாகச் சொல்லவே இல்லையே என்று டெல்லி உயர் நீதிமன்றம் திருப்பிக் கேட்டது.

ஆனால் 1995இல் அதே டெல்லி நீதிமன்றம் பர்லிங்டன் என்ற அஞ்சல்வழி வணிக நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலைக் காப்பாற்றியிருக்கிறது. முரண்பாடு போலத் தெரியும். யோசித்தால், அஞ்சலில் பொருள் வாங்கும் குடும்பங்கள் எவை என்று வெளியில் நின்று யாராலும் சொல்ல முடியாது. பணம் செலவழித்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தது. சரக்கு அனுப்பும் கம்பெனிகள் எவை என்று தெரிந்துகொள்ளத் துறைமுகத்துப் பக்கம் ஒரு நடை போனால் போதும். நடுவில் 2007இல் உச்ச நீதிமன்றம், உழைப்பு மட்டும் இருந்தால் பதிப்புரிமை வராது, கொஞ்சமாவது படைப்புத்திறன் வேண்டும் என்று ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொன்னதும் காற்றின் திசையை மாற்றியது.

பெட்டிச் செய்தி 3: கண்ணன் கதையிலும் ரகசியம்

கண்ணனைத் தெரியாதவர் யார்? சன்டியல் என்ற நிறுவனம் கண்ணனை மையமாக வைத்து ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான கருவை எழுதி ஜீ தொலைக்காட்சியிடம் காட்டியது. பின்னர் அதை ஒத்த தொடர் ஜீயில் வந்தது. புராணம் பொதுச்சொத்து என்ற வாதத்தை 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. பொதுக்கதையிலிருந்து ஒருவர் வளர்த்தெடுத்த குறிப்பிட்ட கருவை நம்பிக்கையின் பேரில் காட்டினால், அதை எடுத்தாள முடியாது என்றது.

'ரகசியம்' என்று மறைத்தது எதை?

ஆயத்த ஆடைத் தொழிலுக்கே திரும்புவோம், ஏனென்றால் இந்தச் சொல்லின் இன்னொரு முகம் அங்கேதான் அம்மணமாகத் தெரிந்தது. எந்தத் தொழிற்சாலையில் எங்கள் துணி தைக்கப்படுகிறது என்பது வணிக ரகசியம் என்று பெரிய பிராண்டுகள் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தன. தொழிலாளர் நிலைமையைக் கேட்டு மாணவர்களும் தொழிற்சங்கங்களும் விடாமல் நெருக்கிய பிறகு, 2005இல் நைக்கி தன் தொழிற்சாலைகளின் பட்டியலை வெளியிட்டது. 700க்கும் மேற்பட்ட பெயர்கள். போட்டியாளர்கள் நைக்கியை விழுங்கிவிடவில்லை. 2013இல் எச் அண்ட் எம்மும் வெளியிட்டது.

அதே 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. 1,134 பேர் இறந்தார்கள். உள்ளே யாருக்காகத் துணி தைத்தார்கள் என்பதற்குப் பொதுப் பட்டியல் இல்லை. இடிபாடுகளுக்குள் கிடந்த லேபிள்களைப் பொறுக்கி எடுத்துத்தான் பிராண்டுகளின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இப்போது உலகின் பெரிய ஆடை நிறுவனங்கள் பல தங்கள் சப்ளையர் பட்டியலைத் தாமாகவே இணையத்தில் வைக்கின்றன. திருப்பூர் கம்பெனிகளின் பெயர்களும் அதில் இருக்கின்றன. பையரே ஊருக்குச் சொன்னதைக் கம்பெனி ரகசியம் என்று ஊழியரிடம் கையெழுத்து வாங்குவதில் என்ன பொருள் இருக்கிறது?

வெளியே வந்த ரகசியத்தைத் திரும்பப் பெட்டிக்குள் அடைக்கவும் முடியாது. டிவிடியின் பூட்டை உடைக்கும் நிரல் ஒன்று 1999இல் இணையத்தில் பரவியது. அதில் பங்குகொண்டவர்களில் ஒருவர் நார்வேயைச் சேர்ந்த 15 வயதுச் சிறுவன். டிவிடி நிறுவனங்களின் கூட்டமைப்பு கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டது. வழக்கு நடக்க நடக்க நிரல் பரவிக்கொண்டே போனது. டி-ஷர்ட்டில் கூட அச்சடித்து விற்றார்கள். 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இத்தனை பேருக்குத் தெரிந்த பிறகு இது ரகசியமே இல்லை என்று தடையை நீக்கியது. முதலில் கசியவிட்டவர் தப்புச் செய்தவராகவே இருக்கலாம். அதற்காக நூறாவது ஆள் குற்றவாளி ஆகிவிடமாட்டார்.

வரைவில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாமலேயே இத்தனை தீர்ப்புகளும் வந்தன. ஒப்பந்தச் சட்டம், பதிப்புரிமைச் சட்டம், பொது நீதி என்று கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டு வந்திருக்கிறார்கள். 22ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் தன் 289ஆவது அறிக்கையைக் கொடுத்தது. தனிச் சட்டம் வேண்டும் என்று சொல்லி, ஒரு மசோதா வரைவையும் இணைத்தது. டிரிப்ஸின் மூன்று அளவுகோல்களும் அதில் உண்டு. வேலையில் சம்பாதித்த அனுபவமும் திறமையும் ரகசியம் ஆகாது என்கிறது. முறைகேட்டை அம்பலப்படுத்துகிறவருக்கும் பொதுநலனுக்கும் விதிவிலக்குக் கேட்கிறது.

நல்ல வரைவுதான். எனக்கு இருக்கும் பயம் நடைமுறை பற்றியது. எது ரகசியம் என்பதை வழக்கின் முதல் நாளிலேயே வரிவரியாக எழுதிக் கொடு என்று வழக்குப் போடுகிறவர் தலையில் கட்டாயமாகச் சுமத்தாவிட்டால், வழக்கே தண்டனையாகிவிடும். பெரிய கம்பெனி மூன்று வருடம் வழக்கு நடத்தும். மாதச் சம்பளக்காரர் மூன்று மாதம் தாங்கமாட்டார். கடைசியில் ஜெயித்தாலும் புது வேலை போயிருக்கும். நேவிகேட்டர்ஸ் வழக்கில் நீதிமன்றம் கேட்ட கேள்வியைச் சட்டமே கேட்கவேண்டும்.

கம்பெனிகளுக்கும் இதில் லாபம் இருக்கிறது. எல்லாமே ரகசியம் என்று முத்திரை குத்துகிற நிறுவனம், உண்மையான ரகசியம் திருடு போகும்போது அதை நிரூபிக்க முடியாமல் நிற்கும். காஸ்டிங் ஷீட்டின் அந்த இரண்டு வரியைத் தனிக் கோப்பில் வைத்து, யார் யார் திறக்கலாம் என்று வரையறுத்து, திறந்தவர் பெயர் பதிவாகும்படி செய்திருந்தால் நீதிபதி நின்று கேட்பார். அதே ஷீட்டை வாட்ஸ்அப் குழுவில் பதினைந்து பேருக்கு அனுப்பிவிட்டு ரகசியம் என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை சுலபம்.

ஏற்றுமதி நிறுவனங்களில் மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேரும்போது நீட்டப்படும் தாள்களில் ஒரு வாசகம் அடிக்கடி கண்ணில் படும். பணிக்காலத்தில் தெரியவரும் 'அனைத்துத் தகவல்களும்' நிறுவனத்தின் ரகசியம், விலகிய பிறகும் அது கட்டுப்படுத்தும் என்று இருக்கும். நூல் விலையும் அதில் அடக்கம். பையர் தன் இணையதளத்தில் போட்டிருக்கும் சப்ளையர் பெயரும் அடக்கம். சேருகிற பரபரப்பில் அதைப் படித்துப் பார்க்க நேரம் இருப்பதில்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மெஷின் சத்தத்துக்குள் நடந்துவிடுகிறார்கள்.